விளைபயிரும் வேட்டையிரையும்: நிலவுரிமை, வேட்டைச் சட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேட்டையும் பயிர்ச்செய்கையும் மனித வரலாற்றின் இருவேறு படிநிலைகளைக் குறிப்பன என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. வேட்டையாடியவன் உழவனானான், காடு கழனியாயிற்று, வில்லின் இடத்தை ஏர் பெற்றது என்று வரலாற்று நூல்கள் கூறும். மொத்தமான போக்கினை நோக்குமிடத்து இக்கூற்றுத் தவறானதன்று. ஆயின் இவ்விரு தொழில்களும் ஒன்றையொன்று முற்றாக விட்டு நீங்கியதில்லை. விதைக்கப்பட்ட நிலம் விலங்கையும் பறவையையும் தன்பால் ஈர்க்கின்றது. அவ்வாறு வருவதைக் கொல்வது, காட்டில் அலைந்து தேடிக் கொல்வதினும் இலகுவானது. எனவே பயிரே பொறியாகவும் அமைந்துவிடலாம். உணவுக்கென விதைத்த பயிர் தற்செயலாகப் பொறியாவதும் உண்டு. பொறியாக அமைதற்கென்றே பயிர் விதைக்கப்படுவதும் உண்டு.

இவ்விரண்டுக்குமிடையே எல்லைக்கோடு வரைய முற்பட்ட சட்டங்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறப்பாக, ஐக்கிய அமெரிக்காவில் 1935 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள இரைத் தடையினை நாம் எடுத்துக்கொள்கின்றோம். அங்கு, வயலில் விளைந்து நிற்கும் சோளத்தைத் தேடிவரும் காட்டுத்தாராவைச் சுடுதல் சட்டபூர்வமானது. அதே சோளத்தைச் சாக்கிலிருந்து நீரிற் கொட்டி, அதனைத் தேடிவரும் தாராவைச் சுடுதல் குற்றமாகும். தாராவின் கண்ணுக்கு இரண்டும் ஒரே சோளமே. அவ்வாறாயின் சட்டத்தின் கண்ணுக்கு அவை வேறுபடுவது எவ்வாறு? தானியத்தை ஆராய்வதால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. அத்தானியம் விளையும் நிலத்தோடு மனிதர் கொண்டுள்ள உறவினை ஆராய்வதாலேயே விடை கிடைக்கும் என்பது எமது கருத்தாகும்.

1. தினைப்புனமும் பொறியும்

இவ்விடயம் தமிழ் இலக்கிய மாணவர்க்கு முற்றிலும் புதியதன்று. சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்களிலே தினைப்புனம் காதலர் சந்திக்கும் களமாக மட்டும் அமையவில்லை. கிளியும் காட்டுப்பன்றியும் யானையும் வந்து மேயும் இடமாகவும், அவற்றை விரட்டுதற்குப் பரண் அமைத்துக் காவல் செய்யப்படும் இடமாகவும் அது காட்டப்படுகின்றது. அப்புனத்திலேதான் ‘அடார்’ எனும் பெருங்கற்பொறியும் வைக்கப்பட்டது. தினையை உண்ண வரும் பன்றியை வீழ்த்துதற்குப் புனவன் கல்லைச் சாய்த்து நிறுத்திவைக்கும் முறையினை நற்றிணைப் பாடலொன்று காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயினர் குடியிருப்பில், மானைக் காட்டி மானைப் பிடித்தற்கெனப் பழக்கப்பட்ட ‘பார்வை’ மான் கட்டப்பட்டுள்ளது. நீர்நிலையருகே குழியிற் பதுங்கியிருந்து, இரவில் நீருண்ண வரும் பன்றியை வேட்டுவர் எதிர்நோக்கியிருக்கும் காட்சியும் அங்கேயே உண்டு.

பயிர், பழக்கிய விலங்கு, நீர்நிலை ஆகிய மூன்றும் வேட்டைக்கு ஈர்ப்புப் பொருள்களாகப் பயன்பட்டமையை இச்சான்றுகள் உணர்த்துகின்றன. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், விதைத்தவனும் காவல் செய்தவனும் பொறி வைத்தவனும் இறைச்சியை உண்டவனும் இக்குறிஞ்சிச் சமூகத்தில் ஒரே குழுவினர் என்பதாகும். பயிரைக் காத்தலும் ஊனைப் பெறுதலும் ஒரே செயலின் இரு பக்கங்களாயிருந்தன. ஆதலின் எது பயிர், எது இரை என்ற கேள்வி அங்கு எழுவதற்குக் காரணமே இருக்கவில்லை. விதைப்பவன் ஒருவனாகவும் வேட்டையாடுபவன் வேறொருவனாகவும் பிரிந்த பின்னரே அக்கேள்வி எழுகின்றது. அப்பிரிவினை மிகத் தெளிவாகக் காட்டுவது ஐரோப்பிய நிலப்பிரபுத்துவ வரலாறாகும்.

2. பிரபுவின் விலங்கும் குடியானவனின் பயிரும்

புரட்சிக்கு முந்திய பிரான்சில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களின் தனியுரிமையாயிருந்தது. குடியானவன் தன் வயலில் மேயும் முயலையோ கௌதாரியையோ கொல்லுதற்கு உரிமையற்றவனாயிருந்தான். அரச வேட்டைப் பிரதேசங்களில் நிலைமை இதனினும் கொடியதாயிருந்தது. கௌதாரிகளின் கூடுகள் கலையாதிருத்தற்பொருட்டு, குறித்த காலங்களிலே களைபிடுங்குவதும் புல்வெட்டுவதும்கூட அங்கு தடுக்கப்பட்டன. பிரபுவின் புறாக்கூட்டிலிருந்து பறந்துவரும் புறாக்கள் புதிதாய் விதைத்த தானியத்தைப் பொறுக்கித் தின்றன. அவற்றைக் கொல்லவும் இயலாது. 1789 இல் தயாரிக்கப்பட்ட முறைப்பாட்டு ஏடுகளில் வேட்டை விலங்குகளாலும் புறாக்களாலும் நேர்ந்த அழிவு திரும்பத் திரும்பக் கூறப்பட்டமை வியப்பன்று.

இந்நிலையினை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்? பிரபு எவ்வித இரையும் இடவில்லை; விதை வாங்கவில்லை; ஏர் பிடிக்கவுமில்லை. குடியானவனின் வயல் முழுவதுமே பிரபுவின் வேட்டைக்கு இரையாயிருந்தது. வாரத்தோடும் வரியோடும் சேர்த்து, எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படாத மேலுமொரு வரியினை முயலின் வாய்வழியாகவும் புறாவின் அலகுவழியாகவும் அவன் செலுத்தினான் எனலாம்.

1789 ஓகஸ்ட் 4 ஆம் நாள் இரவில் தேசிய சபை நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிப்பதாகப் பிரகடனஞ் செய்தபோது, அதனைத் தொடர்ந்த ஆணைகளின் முதல் உறுப்புரைகளிலேயே புறாக்கூட்டுரிமையும் வேட்டைத் தனியுரிமையும் இடம்பெற்றன. ஆயின் அவ்வுரிமை யாருக்குச் சென்றது என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். நிலத்தின் உடைமையாளன் ஒவ்வொருவனும் தன் நிலத்தில் விலங்குகளைக் கொல்லலாம் என்றே ஆணை கூறியது. பிறப்பினாற் பெற்ற சிறப்புரிமை ஒழிந்தது. உடைமையினாற் பெறும் உரிமை அதனிடத்தைப் பெற்றது. நிலமற்றவன் இரு ஒழுங்குகளிலும் வெளியிலேயே நின்றான்.

இங்கிலாந்தில் இம்மாற்றம் மெதுவாக நிகழ்ந்தது. 1671 ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண் வருவாய் தரும் முழுவுரிமை நிலமோ 150 பவுண் வருவாய் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ உடையவரும், குறித்த உயர்குடியினரின் வாரிசுகளும் மட்டுமே வேட்டையாடத் தகுதி பெற்றனர். 1723 இல் நிறைவேறிய கறுப்புச் சட்டம் முகத்திற் கரிபூசி மான் வேட்டையாடுவது முதலான பல செயல்களுக்கு மரணதண்டனை விதித்தது. 1828 ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டம், மூன்றாம் முறை பிடிபட்டவரை ஏழாண்டு நாடுகடத்த வழிசெய்தது. இரவில் முயல் பிடித்த ஏழைத் தொழிலாளி கடல்கடந்து அனுப்பப்பட்ட இக்காலத்திலேயே, பெசன்ற் எனும் காட்டுக்கோழிகள் பெருந்தோட்டங்களிலே தானியமிட்டு வளர்க்கப்பட்டன. அவை தங்குதற்குப் புதர்க்காடுகள் நடப்பட்டன. அவற்றின் ஓரங்களில், அறுவடை செய்யும் எண்ணமின்றியே, பக்வீற் போன்ற தானியங்கள் விதைக்கப்பட்டன. வேட்டைக்கென்றே பயிரிடும் வழக்கம் இவ்வாறு நிலக்கிழாரின் பொழுதுபோக்கின் ஓர் அங்கமாயிற்று.

1831 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சொத்துத் தகுதியை நீக்கியது. எனினும் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது வேட்டையுரிமையைத் தமக்கே ஒதுக்கிக்கொள்வது நிலக்கிழார்களின் வழக்கமாயிருந்தது. குத்தகைக்காரர் விதைத்த கோதுமையை முயல்கள் தின்றன. அவற்றைச் சுடும் உரிமை கிழாருக்கே இருந்தது. 1845 இல் யோன் பிறைற் என்பாரின் முயற்சியால் அமைக்கப்பட்ட பாராளுமன்றத் தெரிவுக்குழு இக்குறைகளை விசாரித்தது. ஆயினும் 1880 இல் நிறைவேறிய நில விலங்குச் சட்டமே, பயிர்செய்பவர் தம் நிலத்து முயலையும் குழிமுயலையும் கொல்லும் உரிமையை எவ்வித ஒப்பந்தத்தாலும் பறிக்கப்பட முடியாததாக்கியது. பெசன்றும் கௌதாரியும் அவ்வுரிமைக்குள் அடங்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்வைரோப்பிய வேட்டைச் சட்டங்கள் அனைத்தும் ‘யார் கொல்லலாம்?’ என்ற கேள்வியையே எழுப்பின. ‘எவ்வாறு ஈர்த்துக் கொல்லலாம்?’ என்ற கேள்வி பெரும்பாலும் களவு வேட்டைக்காரனை நோக்கியே எழுப்பப்பட்டது. அவன் இடும் ஒரு பிடி தானியம் குற்றத்தின் கருவி. கிழார் விதைக்கும் பல ஏக்கர்ப் பயிரோ தோட்டப் பராமரிப்பு. இக்கேள்வி பொதுநலனின் பெயரால், நிலவுடைமையாளரையும் உள்ளடக்கிக் கேட்கப்பட்டது ஐக்கிய அமெரிக்காவிலேயே.

3. புதிய உலகில் பொதுச்சொத்து

ஐரோப்பிய வேட்டைச் சட்டங்களிடமிருந்து தப்பிவந்த மக்களின் நினைவு அமெரிக்கச் சட்ட மரபில் ஆழப் பதிந்திருந்தது. 1776 ஆம் ஆண்டின் பென்சில்வேனியா அரசியல் யாப்பு, குடிமக்கள் தம் நிலங்களிலும் வேலியடைக்கப்படாத பிற நிலங்களிலும் உரிய காலங்களில் வேட்டையாடும் சுதந்திரத்தை வெளிப்படையாக உறுதிசெய்தது. இந்நிலங்கள் ஆதிக்குடிகளிடமிருந்து கவரப்பட்டவை என்பதையும், அவர்தம் வேட்டையுரிமைகள் இச்சுதந்திரத்திற் கணிக்கப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. எவ்வாறாயினும், காட்டு விலங்கு எவர்க்கும் தனியுடைமையன்று எனும் கொள்கை அங்கு வேரூன்றியது. 1896 இல் உயர் நீதிமன்றம், காட்டு விலங்குகளை மக்களின் பொருட்டு மாநிலமே நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கின்றது எனத் தீர்ப்பளித்தது.

ஆயின் பொதுச்சொத்து எனக் கூறப்பட்டது முதலாளித்துவச் சந்தையின் கையில் மலிவான மூலப்பொருளாயிற்று. புகையிரதப் பாதைகள் உள்நாட்டுச் சதுப்பு நிலங்களை நகரச் சந்தைகளோடு இணைத்தன. விற்பனைக்கென வேட்டையாடுவோர், படகிற் பொருத்திய பெருந்துப்பாக்கிகளால் ஒரே வெடியில் பல தாராக்களை வீழ்த்தினர். கோடிக்கணக்கில் வாழ்ந்த பயணப்புறா இனம் தானியமும் உப்பும் இடப்பட்ட தரைகளுக்கு ஈர்க்கப்பட்டு வலையிற் பிடிக்கப்பட்டது. பிற புறாக்களை இறங்கச் செய்தற்பொருட்டு, கண்ணிமைகள் தைக்கப்பட்ட உயிர்ப்புறா ஒன்று அத்தரையிற் கட்டப்பட்டது. சங்ககால எயினரின் ‘பார்வை’ மான் ஒரு குடியிருப்பின் பசியைத் தீர்த்தது. இப்பார்வைப் புறாவோ எல்லையற்ற சந்தையொன்றின் தேவைக்குப் பணிசெய்தது. கருவி ஏறத்தாழ ஒன்றே. உற்பத்தி உறவு வேறு. இனப்பெருக்க இடங்களில் நிகழ்ந்த படுகொலையும் காடழிப்பும் சேர்ந்து அவ்வினத்தை அழித்தன. அதன் இறுதிப் பறவை 1914 செப்ரெம்பர் 1 ஆம் நாள் சின்சினாட்டி விலங்கினச் சாலையில் இறந்தது.

அழிவு கண்முன்னே நிகழ்ந்தபோது சட்டங்கள் தோன்றின. மாநிலச் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலங்களுக்கிடையே வணிகஞ் செய்வதை 1900 ஆம் ஆண்டின் லேசிச் சட்டம் தடுத்தது. 1916 இல் ஐக்கிய அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் வலசைப் பறவைகள் பற்றிய உடன்படிக்கையொன்றைச் செய்தன. அதனை நிறைவேற்றுதற்கு 1918 இல் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலங்களின் அதிகாரத்தில் மத்திய அரசு தலையிடுகின்றது என மிசூரி மாநிலம் வழக்குத் தொடர்ந்தது. இன்று ஒரு மாநிலத்திலும் நாளை வேறொன்றிலும் இருக்கும் பறவையின்மீது தனியொரு மாநிலம் உரிமை கொண்டாடுதல் வலுவற்றது என்ற கருத்துப்பட நீதியரசர் ஹோம்ஸ் 1920 இல் தீர்ப்பு வழங்கினார். எல்லை கடந்து பறக்கும் உயிர் நிலவுரிமையின் எல்லைகளுக்குள் அடங்காது என்பது இவ்வாறு சட்டத்தில் ஏற்கப்பட்டது.

4. 1935 ஆம் ஆண்டின் தடை

விற்பனைக்கான வேட்டை தடுக்கப்பட்ட பின்னரும் தாராக்களின் தொகை வீழ்ச்சியடைந்தது. கோதுமைச் செய்கைக்கென வடபுலப் புல்வெளிகளின் குட்டைகள் வடிக்கப்பட்டிருந்தன. 1930களின் கடும் வரட்சி எஞ்சிய குட்டைகளையும் வற்றச்செய்தது. தூசிப் புயல்கள் விவசாயிகளை நிலத்தைவிட்டு விரட்டிய அதே ஆண்டுகளில், தாராக்களும் குஞ்சுபொரிக்க நீரின்றித் தவித்தன. இலாபத்தின் பொருட்டு நிலத்தைப் பிழிந்தெடுத்த பயிர்ச்செய்கை முறை மனிதரையும் பறவையையும் ஒருங்கே பாதித்தது.

இந்நிலையில் வேட்டைக் கழகங்களின் இரையிடும் வழக்கம் பெரும் பிரச்சினையாயிற்று. இலினோய் ஆற்றுப் பள்ளத்தாக்கு, செசப்பீக் விரிகுடா போன்ற இடங்களிலே வசதிபடைத்தோரின் கழகங்கள் சோளத்தையும் கோதுமையையும் பெருமளவில் நீரிற் கொட்டின. பழக்கிய தாராக்களை மிதக்கவிட்டுக் காட்டுத்தாராக்களை அழைத்தன. பறவைகள் நாடு முழுவதும் அருகிவந்தபோதும், தானியம் வாங்கும் வசதி படைத்தவரின் குளத்தில் அவை நிறைந்தே காணப்பட்டன. இரையின் இயல்பே இதுதான். அது பறவைகளைப் பெருக்குவதில்லை. பரந்திருப்பவற்றை ஓரிடத்திற் குவிக்கின்றது. ஆதலால் உண்மையான தொகை வீழ்ச்சியை அது மறைக்கின்றது. பொதுச்சொத்தினைப் பணமுடையவரின் பக்கம் திருப்பிவிடுகின்றது.

1934 சனவரியில் சனாதிபதி ரூஸ்வெல்ற் வனவிலங்கு மீட்புக்கென மூவர் குழுவொன்றை நியமித்தார். தோமஸ் பெக், ஐயோவா மாநிலத்துக் கேலிச்சித்திரக்காரர் டார்லிங், அல்டோ லியோபோல்ட் ஆகியோர் அதன் உறுப்பினர்களாவர். ரூஸ்வெல்ற்றின் அரசியலைக் கண்டித்துவந்த டார்லிங், அதே ஆண்டு உயிரியல் அளவைத் திணைக்களத்தின் தலைவரானார். 1934 மார்ச்சில் தாரா முத்திரைச் சட்டம் நிறைவேறியது. நீர்ப்பறவை வேட்டையாடும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒரு டொலர் முத்திரை வாங்கவேண்டுமென்றும், அப்பணம் சதுப்பு நிலங்களைக் காத்தற்குச் செலவிடப்படவேண்டுமென்றும் அது விதித்தது. முதல் முத்திரையின் சித்திரத்தை டார்லிங்கே வரைந்தார். 1935 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இரையிடுதலையும் உயிருள்ள பார்வைப் பறவைகளைப் பயன்படுத்துவதையும் தடைசெய்தன. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இடுவதையும் தடுத்தன.

இத்தடையின் வரலாற்று முக்கியத்துவம் யாதெனில், தன் சொந்தக் குளத்தில் தன் சொந்தத் தானியத்தைக் கொட்டிய செல்வனையும் அது குற்றவாளியாக்கியதாகும். ஐரோப்பிய மரபில் நிலவுடைமை வேட்டைச் சட்டத்துக்குக் கவசமாயிருந்தது. இங்கோ அக்கவசத்தில் முதல் வெடிப்பு ஏற்பட்டது.

5. எது பயிர், எது இரை?

ஆயின் வெடிப்பு முழுமையான உடைவாகவில்லை. நாடு முழுவதும் அறுவடைக் காலத்திலேதான் பறவைகள் தெற்கு நோக்கி வலசை போகின்றன. அறுத்த வயலிற் சிந்திய மணிகளை அவை தேடி வருகின்றன. சிந்திய மணி யாவும் இரையெனின், பண்ணைகளில் வேட்டையே நிகழமுடியாது. எனவே இயல்பான விவசாய நடவடிக்கையின் விளைவாக நிலத்திற் கிடக்கும் தானியம் விலக்களிக்கப்பட்டது. ‘இயல்பான’ என்ற ஒற்றைச் சொல்லில் முழுப் பிரச்சினையும் வந்து தங்கியது.

இவ்விதிகள் 1999 இல் திருத்தி விரிவாக வரையறுக்கப்பட்டன. விதைத்தல், அறுத்தல், அறுவடைக்குப் பின்னர் நிலத்தைப் பண்படுத்தல் ஆகியவை இயல்பானவையா என்பது மாநில விவசாய விரிவாக்க வல்லுநரின் விதந்துரைகளைக் கொண்டு தீர்மானிக்கப்படும். நிற்கும் பயிரிலும், நீர்பாய்ச்சி மூழ்கவைத்த நிற்கும் பயிரிலும் தாரா வேட்டையாடலாம். ஆனால் அறுவடைக்கு முன்னர் அதே பயிரை வெட்டிச் சாய்த்து மணிகளை உதிரவிட்டால், அந்நிலம் இரையிட்ட நிலமாகும். இரை முற்றாக அகற்றப்பட்ட பின்னரும் பத்து நாட்களுக்கு அது அவ்வாறே கருதப்படும். புறா வேட்டைக்கோ வேறு விதி. சூரியகாந்தியை விதைத்து, விளைந்த இடத்திலேயே வெட்டிச் சாய்த்து, அதனை நாடிவரும் புறாவைச் சுடலாம். வெளியிலிருந்து மூட்டையிற் கொண்டுவந்து தூவுவது மட்டும் இரண்டிலும் குற்றம்.

இவ்விதிகளுள் எம்மைப் பெரிதும் சிந்திக்கவைப்பது தினைவகை பற்றியதாகும். இயற்கையாய் வளர்ந்த தாவரத்தை வெட்டிச் சாய்த்து வேட்டையாட 1999 ஆம் ஆண்டின் விதி இடமளித்தது. விதைத்த தினைவகை இயற்கைத் தாவரமாகாது. ஆனால் அத்தினை தன் விதைகளை உதிர்த்து அடுத்த ஆண்டு தானாகவே முளைத்தெழுமாயின், அது இயற்கைத் தாவரமாகக் கொள்ளப்படும். ஒரே நிலத்தில் ஒரே தினை முதலாண்டிற் பயிர். மறு ஆண்டில் இயற்கை. தாவரவியலில் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. மனித உழைப்பு அவ்வாண்டில் நேரடியாக அதன்மீது செலுத்தப்பட்டதா என்பதே அளவுகோல். பயிர் எனப்படுவது பொருளன்று, ஓர் உறவு என்பதைச் சட்டம் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றது.

அறிவு பற்றிய கேள்வியும் இதனோடு இணைந்தது. நீண்டகாலமாக இரையிட்ட நிலத்தில் வேட்டையாடுதல், அறிந்தோ அறியாமலோ, குற்றமாகவே கருதப்பட்டது. விருந்தினனாக வந்தவன் நீருக்கடியிற் கிடக்கும் சோளத்தை எவ்வாறு அறிவான்? 1978 இல் ஐந்தாஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், நியாயமான முயற்சியால் இரையைக் கண்டறிந்திருக்க முடியுமா என்பதையும் நோக்கவேண்டுமெனக் கூறியது. ஏனைய சுற்று நீதிமன்றங்கள் பலவும் பழைய கடுமையினையே பின்பற்றின. ஈற்றில் 1998 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், அறிந்தவரும் நியாயமாக அறிந்திருக்கவேண்டியவருமே குற்றவாளிகள் என விதித்தது. அதே வேளை இரையை இடுபவரையும் இடுவிப்பவரையும் தனிக்குற்றத்துக்கு உள்ளாக்கி ஓராண்டுச் சிறைக்கு வழிசெய்தது. சட்டத்தின் பொதுவான மீறல்களுக்குரிய உச்ச அபராதத்தை 500 டொலரிலிருந்து 15,000 டொலராக உயர்த்தியது. துப்பாக்கி ஏந்தியவனை மட்டுமன்றி, மூட்டையைக் கொட்டுவித்தவனையும் தேடிச்சென்ற வகையில் இது முன்னேற்றமானதே.

6. சட்டத்தின் சாதனையும் எல்லையும்

இரைத் தடையினை வெறும் பாசாங்கென ஒதுக்குதல் வரலாற்றுக்கு நேர்மையானதாகாது. பறவைகளை ஓரிடத்திற் குவித்துக் கொல்லும் மிக இலகுவான வழியை அது அடைத்தது. பொதுச்சொத்தின்மீது பணத்தின் ஆதிக்கத்தை ஓரளவேனும் கட்டுப்படுத்தியது. ஈர்ப்புப் பயிர் எப்போதும் கொலைக்கே பயன்படவேண்டுமென்பதுமில்லை. 1948 இல் நிறைவேறிய லீ சட்டம், கலிபோர்ணியாவில் நிலம் பெற்று நீர்ப்பறவைகளுக்கெனத் தீவனப் பயிர் விளைவிக்க வழிசெய்தது. விவசாயிகளின் நெல்வயல்களிலிருந்து தாராக்களை விலக்கி ஈர்ப்பதே அதன் நோக்கம். பிரபுவின் புறாவுக்குக் குடியானவன் தீனியிட்ட நிலைமை இங்கு தலைகீழாகின்றது. பொதுச்சொத்தான பறவைக்குப் பொதுப்பணத்தில் தீனி விளைகின்றது.

எனினும் எல்லையும் தெளிவானது. நிலமற்றவன் ஒரு மூட்டைச் சோளத்தைத் தூவினால் அது இரை. நூறு ஏக்கர் நிலமும் அணைக்கட்டும் நீரிறைக்கும் பொறியும் உடையவன், அறுவடை செய்யும் எண்ணமேயின்றிச் சோளம் விதைத்து, வலசைக் காலத்தில் அதனை நீரில் மூழ்கவைத்தால் அது சட்டபூர்வமான நிற்கும் பயிர். இத்தகைய வயல்கள் தாராக்களை வடக்கிலேயே தங்கவைக்கின்றன என லூசியானா போன்ற தென்மாநில வேட்டைக்காரர் பலர் குறைகூறுகின்றனர். மாறிவரும் தட்பவெப்பமே முதன்மைக் காரணம் எனக் கூறுவாரும் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், அறுவடைக்கென விதைக்காத பயிரைப் பயிரென ஏற்பது சட்டத்தின் பலவீனமான இடமென்பதில் ஐயமில்லை. உழைப்பை அளவுகோலாகக் கொண்ட சட்டம், அவ்வுழைப்பின் நோக்கத்தைக் கேட்கும் துணிவினைப் பெறவில்லை.

மான் வேட்டையிலும் இதே போக்கினை அவதானிக்கலாம். இவ்விடயம் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. மான்களின் மூளையைத் தாக்கும் தேய்வு நோய் 2002 இல் விஸ்கொன்சினிற் கண்டறியப்பட்டபோது, மான்கள் ஒரே குவியலில் வாய்வைத்து நோயைப் பரப்பும் எனக் கருதி, இரையிடல் அங்கு கட்டுப்படுத்தப்பட்டது. தானியக் குவியல் தடுக்கப்படும் இடங்களிலும் மானுக்கென விதைக்கும் பயிர்ப்பாத்தி பொதுவாக அனுமதிக்கப்படுகின்றது. பாத்தியில் மான்கள் பரந்து மேய்கின்றன என்பது இதற்குக் கூறப்படும் நியாயமாகும். அந்நியாயத்தில் உண்மையுண்டு. பாத்தி அமைப்பதற்கு முதலில் நிலம் வேண்டுமென்பதும் உண்மையே.

இவை யாவற்றிலும் ஆழமான பிரச்சினை வேறொன்றாகும். கீழ்நாற்பத்தெட்டு மாநிலங்களின் நிலப்பரப்பில் 1780களில் ஏறத்தாழ 22 கோடி ஏக்கராயிருந்த ஈரநிலங்கள், 1980களில் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் ஏக்கராகக் குறைந்தன என அரசாங்க மதிப்பீடு கூறுகின்றது. தன் இயற்கை உணவையும் உறைவிடத்தையும் இழந்த பறவைக்கே மனிதன் இடும் தானியம் தவிர்க்கமுடியாத ஈர்ப்பாகின்றது. லியோபோல்ட் 1933 இல் வெளியிட்ட வேட்டைவிலங்கு முகாமை பற்றிய நூலில், காட்டு விலங்கையே நிலம் ஆண்டுதோறும் தரும் ஒரு விளைச்சலாக நோக்கினார். விலங்கே விளைச்சலாயின், அவ்விளைச்சல் யாருடையது என்ற பழைய கேள்வி மீண்டும் எழுகின்றது.

7. முடிவுரை

நாம் கண்ட வரலாற்றிலே ‘இரை’ எனும் சொல்லின் பொருள் சமூக உறவுகளோடு மாறிவந்துள்ளது. புனவனின் தினை அவனுக்கு உணவாகவும் பொறியாகவும் ஒருங்கே இருந்தது. பிரெஞ்சுக் குடியானவனின் கோதுமை, அவன் விரும்பாமலே, பிரபுவின் வேட்டைக்கு இரையாயிற்று. ஆங்கிலக் கிழாரின் பக்வீற் இரையெனப் பெயர்பெறாத இரையாயிருந்தது. அமெரிக்கச் சட்டம் முதன்முறையாக உடைமையாளனின் கையிலிருந்த மூட்டையைப் பறித்தது. அவன் நிலத்திலிருந்த பயிரைத் தொடவில்லை.

எமது நாட்டுக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. 1900 ஆம் ஆண்டில் யால வேட்டை ஒதுக்கிடமாக்கப்பட்டபோது, காட்டோரக் கிராமத்தவனின் வேட்டை குற்றமாகவும் துரைமாரின் வேட்டை விளையாட்டாகவும் பிரிந்தன. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் வந்தது. இன்று சேனைப் பயிரைக் காத்தற்குப் பரணில் விழித்திருக்கும் விவசாயி ஒருபுறம். பூசணிக்காய் முதலியவற்றுள் வெடிமருந்தை மறைத்துக் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ மறுபுறம். அதனைக் கடித்து வாய் சிதைந்து, உண்ணமுடியாது நாட்கணக்கில் வாடி இறக்கும் யானைகளும் யானைக் கன்றுகளும் பல. விளைபொருள் தானே கொலைக்கருவியாகும் மிகக் கொடிய வடிவம் இதுவெனலாம்.

இதனைத் தடுப்பதற்குச் சட்டம் வேண்டும்; அது நடைமுறைப்படுத்தப்படவும் வேண்டும். ஆனால் வைத்தவனைப் பிடிப்பதோடு சட்டத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. காடு யாரால், யாருக்காக, எவ்வளவு அழிக்கப்பட்டது? எஞ்சிய காட்டின் விலங்குகளுக்குத் தீனியிடும் சுமை யாருடைய வயலின்மீது விழுகின்றது? ஓகஸ்ட் 4 ஆம் நாள் இரவில் பிரெஞ்சுக் குடியானவனின் முறைப்பாட்டுக்குச் செவிசாய்க்க ஒரு புரட்சி வேண்டியிருந்தது. பரணில் விழித்திருப்பவனின் முறைப்பாட்டை ஆராய்ச்சியாளராகிய நாமேனும் பதிவுசெய்தல் வேண்டும். யானையின் உயிரையும் அவனது விளைச்சலையும் எதிரெதிரே நிறுத்தாத வேட்டைச் சட்ட வரலாறொன்று எமது நாட்டுக்கு இனித்தான் எழுதப்படவேண்டியுள்ளது.